வாசகர் கேள்வி – பதில்: திட்டம் இருக்கிறது, கணக்கு எங்கே?

வளரும் நாடுகளின் பொருளாதார வளர்ச்சி உத்தி குறித்தும் ஆட்சிச் சீர்திருத்தம் குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்தால் அவற்றை ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறேன்.

அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு வாசகர்: ஐந்தாண்டுத் திட்டம், தொலைநோக்கு ஆவணம், இலக்கு ஆண்டு என்று ஒவ்வொரு அரசும் ஒரு புத்தகம் வெளியிடுகிறது. அவற்றில் பெரும்பாலானவை அலமாரியோடு நின்றுவிடுவது ஏன்? எழுதியவர்களுக்கு விவரம் போதவில்லையா?

விவரம் போதாமல் நின்றுபோன திட்டங்கள் குறைவு. எதைச் செய்வது, எதை இப்போதைக்கு விடுவது என்று தேர்ந்தெடுக்காமல் நின்றுபோனவையே அதிகம். அத்தகைய ஆவணம் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். வேளாண்மை, தொழில், சுற்றுலா, கல்வி, மின்னணுமயம், சுற்றுச்சூழல் என எல்லாத் துறைகளுக்கும் முன்னுரிமை கொடுக்கப்பட்டிருக்கும். எந்த அமைச்சகமும் மனம் வருந்தக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட பட்டியலை வளர்ச்சி உத்தி என்று சொல்ல முடியாது.

டானி ரோட்ரிக், ரிகார்டோ ஹவுஸ்மன், ஆண்ட்ரேஸ் வெலாஸ்கோ ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2000களின் நடுப்பகுதியில் வலியுறுத்திய கருத்து இங்கே உதவும். ஒரு நாட்டின் வளர்ச்சியை அந்த நேரத்தில் மிகக் கடுமையாகத் தடுத்துக்கொண்டிருக்கும் ஓரிரு காரணங்களைக் கண்டுபிடித்து, இருக்கும் சொற்ப ஆட்பலத்தையும் அரசியல் செல்வாக்கையும் அவற்றின்மீது செலவிட வேண்டும் என்றார்கள். எடுத்துக்காட்டாக, தொழில் முதலீடு குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு போதாமல் வட்டி ஏறியிருப்பதால் அப்படி இருக்கலாம்; வங்கிகள் வேண்டியவர்களுக்கு மட்டும் கடன் கொடுப்பதாலும் இருக்கலாம்; கடன் தாராளமாகக் கிடைத்தாலும் மின்சாரம் வராததால் எவரும் தொழிற்சாலை தொடங்க முன்வராமல் இருக்கலாம். மூன்றுக்கும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றுதான், மருந்து வெவ்வேறு. காரணத்தைப் பிரித்தறியாமல் மூன்றுக்கும் சேர்த்து நிதி ஒதுக்கும் அரசு, மூன்றையும் அரைகுறையாகச் செய்கிறது.

தேர்வு செய்த பிறகும் பாதி வேலைதான் முடிகிறது. தென் கொரியாவில் 1961 இல் இராணுவத் தளபதி பார்க் சுங் ஹீ ஆட்சியைப் பிடித்த ஆண்டே பொருளாதாரத் திட்ட வாரியம் அமைக்கப்பட்டது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1962 இல் தொடங்கியது. விரைவிலேயே அந்த அரசின் கவனம் ஏற்றுமதி என்ற ஒரே அளவுகோலில் குவிந்தது. 1960களின் நடுப்பகுதி முதல் மாதந்தோறும் ஏற்றுமதி வளர்ச்சிக் கூட்டம் நடந்தது. அதிபரே தலைமை ஏற்க, அமைச்சர்களும் தொழிலதிபர்களும் ஒரே அறையில் அமர்ந்து, எந்தப் பொருள் இலக்கை எட்டியது, எது எட்டவில்லை, எது துறைமுகத்திலோ சுங்கத்திலோ வங்கியிலோ சிக்கி நிற்கிறது என்று பார்த்தார்கள். வங்கிகள் அரசின் கையில் இருந்தன. குறைந்த வட்டிக் கடன் கிடைப்பது அந்த நிறுவனம் எவ்வளவு ஏற்றுமதி செய்தது என்பதைப் பொறுத்திருந்தது. 1964 இல் 10 கோடி டாலரை எட்டிய ஏற்றுமதி, 1970 இல் 100 கோடியையும் 1977 இல் 1,000 கோடியையும் எட்டியது.

சலுகை கொடுக்காத நாடே உலகில் இல்லை. அதே காலத்தில் லத்தீன் அமெரிக்காவிலும் தெற்காசியாவிலும் உள்நாட்டுத் தொழில்களுக்கு உயர்ந்த சுங்கத் தீர்வையும் மலிவுக் கடனும் கொடுக்கப்பட்டன. ஆனால் எத்தனை ஆண்டுகளுக்கு, எந்த நிபந்தனையில், தவறினால் என்ன நடவடிக்கை என்பவை பெரும்பாலும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட இடங்களில் பின்பற்றப்படவில்லை. கொடுத்த சலுகையைத் திரும்பப் பெறும் வலிமை ஓர் அரசுக்கு இருக்கிறதா என்பதே வளர்ச்சி உத்தியும் ஆட்சிமுறையும் சந்திக்கும் இடம் என்பது என் கருத்து. கொரிய அரசுக்கு அந்த வலிமை வந்ததற்கு 1950ஐ ஒட்டி நடந்த நிலச் சீர்திருத்தமும் ஒரு காரணம்; அரசின் கையைக் கட்டிப்போடும் அளவுக்குப் பெரிய நிலவுடைமை வர்க்கம் அங்கே மிஞ்சியிருக்கவில்லை. அந்த வலிமை நிலைக்கவும் இல்லை. குடும்பத் தொழிற்குழுமங்கள் கைமீறி வளர்ந்தபின், கடனில் மூழ்கியவற்றுக்கும் வங்கிகள் கடன் கொடுத்துக்கொண்டே இருந்தன. 1997 ஜனவரியில் ஹன்போ எஃகு நிறுவனம் கவிழ்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நாடே பன்னாட்டு நிதியத்திடம் (ஐ.எம்.எஃப்) கடன் கேட்டு நின்றது.

ஒரு கல்லூரி மாணவி: ஆட்சியைச் சீர்படுத்திய பிறகுதான் வளர்ச்சி வருமா? அல்லது வளர்ச்சி வந்துவிட்டால் சீர்திருத்தம் தானாகப் பின்தொடருமா? எங்கள் வகுப்பில் இதுபற்றி இரு அணிகளாக விவாதித்தோம்.

இரண்டு அணிகளுமே வரலாற்றில் பாதியைத்தான் பார்த்திருக்கின்றன.

வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். 1986 இல் அங்கே பணவீக்கம் 700 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. சுதந்திரமான நீதிமன்றமோ தெளிவான சொத்துச் சட்டமோ அங்கே இல்லை. அந்த ஆண்டு டிசம்பரில் 'தோய் மோய்' என்ற சீரமைப்புப் பாதையை ஆளும் கட்சி ஏற்றது. 1988 இல் வந்த பத்தாவது தீர்மானம், கூட்டுறவுப் பண்ணைகளிடம் இருந்த நிலத்தைப் பயிரிடும் பொறுப்பை நீண்ட காலத்துக்கு உழவர் குடும்பங்களிடம் ஒப்படைத்தது. விளைச்சலில் பெரும்பகுதி அவர்களுக்கே என்று ஆனது. அரிசியை இறக்குமதி செய்துகொண்டிருந்த நாடு, 1989 இல் அரிசி ஏற்றுமதி செய்தது. ஆட்சி அமைப்பு முழுவதும் மாறும்வரை வளர்ச்சி காத்திருக்கவில்லை. பல கோடிப் பேரின் அன்றாட உழைப்பைத் தொடும் ஒரு விதி மாறியது. மாறிய விதி நிலைத்து நின்றது.

வங்கதேசத்தின் ஆடைத் தொழிலும் ஏறத்தாழ அப்படித்தான் தொடங்கியது. 1970களின் இறுதியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம் கொரியாவின் டேவூ நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, நூற்றுக்கும் மேற்பட்ட பணியாளர்களைப் பயிற்சிக்காகக் கொரியாவுக்கு அனுப்பியது. திரும்பி வந்தவர்களில் பலர் சில ஆண்டுகளில் விலகிச் சொந்தமாகத் தொழிற்சாலை தொடங்கினார்கள், அல்லது பிற முதலாளிகளிடம் சேர்ந்தார்கள். அப்படித்தான் தொழில் பரவியது. அரசு செய்தவற்றில் இரண்டு முக்கியமானவை. ஏற்றுமதிக்காக இறக்குமதி செய்யப்படும் துணிக்குத் தீர்வை வாங்காமல் பிணைக் கிடங்கில் வைத்துக்கொள்ள அனுமதித்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய கடன் உறுதிக் கடிதத்தையே (சரக்கை அனுப்பியதும் பணம் தருவதாக அவருடைய வங்கி தரும் உறுதி) ஈடாகக் காட்டி, துணி வாங்குவதற்கு வங்கியில் இன்னொரு கடன் உறுதிக் கடிதம் திறக்க வழிசெய்தது. கையில் முதல் இல்லாதவரும் ஆர்டர் மட்டும் இருந்தால் தொழிலில் இறங்க முடிந்தது.

ஆகவே, வளர்ச்சியைத் தொடங்கி வைக்கச் சில விதிகள் போதும். ஆனால் மற்றவை தாமாகவே பின்தொடரும் என்ற அணிக்கு நான் காட்ட வேண்டிய இடமும் அதே நாட்டில்தான் இருக்கிறது. 2013 ஏப்ரல் 23 அன்று டாக்காவை அடுத்த சாவரில், ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தின் தூண்களில் விரிசல் தெரிந்தது. அங்கே இருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வெளியேற்றியது. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் பணியாளர்கள் மறுநாள் காலை வேலைக்குள் வற்புறுத்தி அனுப்பப்பட்டார்கள். கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அனுமதியை மீறிக் கட்டப்பட்ட மாடிகளைத் தடுக்க வேண்டிய கட்டட ஆய்வுமுறை, முப்பது ஆண்டு ஏற்றுமதி வளர்ச்சிக்குப் பிறகும் அங்கே உருவாகவில்லை. தொழிற்சங்கங்களும் வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டு, சுதந்திரமான ஆய்வாளர்களை உள்ளே அனுப்பிய பிறகுதான் நிலைமை மாறத் தொடங்கியது. அந்த மாற்றத்தை மொத்த உற்பத்தி எண் கொண்டுவரவில்லை. அத்தனை உயிர்கள் போன பிறகு எழுந்த நெருக்குதல்தான் கொண்டுவந்தது. வளர்ச்சிக்காக இப்படிப்பட்ட விலையைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று எவர் சொன்னாலும் நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. ஒரு கட்டடத்தைப் பூட்டி முத்திரை வைக்கும் அதிகாரம் உள்ள ஓர் ஆய்வாளரை நியமிக்க எந்த நாடும் பணக்கார நாடாகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் வகுப்புக்கு இன்னொரு குறிப்பு. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் தலைமையிலான வளர்ச்சி ஆணையம் 2008 இல் எடுத்த கணக்கின்படி, 1950க்குப் பிறகு 25 ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆண்டுக்கு 7 சதவீதம் அல்லது அதற்கு மேல் வளர்ந்த பொருளாதாரங்கள் பதின்மூன்று மட்டுமே. அந்தப் பட்டியலில் பிரேசிலும் உண்டு. 1980களின் கடன் நெருக்கடியோடு அதன் ஓட்டம் நின்றுபோனது. ஓடத் தொடங்குவதும் ஓடிக்கொண்டே இருப்பதும் ஒரே திறமையைக் கேட்பவை அல்ல.

ஒரு பள்ளி ஆசிரியர்: தலைநகரில் ஒதுக்கப்படும் பணம் பள்ளிக்கு வந்து சேர்வதற்குள் கரைந்துவிடுகிறது. இதைத் தடுத்துக் காட்டிய நாடு உண்டா?

உண்டு, அதை விரிவாகவே சொல்ல வேண்டும்.

உகாண்டாவில் 1990களின் முற்பாதியில், தொடக்கப் பள்ளிகளுக்கு மாணவர் எண்ணிக்கைப்படி மத்திய அரசு மானியம் அனுப்பிவந்தது. பணம் மாவட்ட நிர்வாகம் வழியாகச் சென்றது. பட்ஜெட்டில் கல்விச் செலவு ஏறியபோதும் பள்ளிகளில் அதற்கேற்ற மாற்றம் தெரியாததால், ஆய்வாளர்கள் தலைநகரின் பேரேட்டை விட்டுவிட்டுப் பள்ளிகளுக்கே போய், அங்குள்ள வரவுப் பதிவேடுகளைப் பார்த்தார்கள். 1991 முதல் 1995 வரையிலான காலத்தில், அனுப்பிய மானியத்தில் சராசரியாக 13 சதவீதம் மட்டுமே பள்ளிகளை எட்டியிருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒன்றுமே வரவில்லை. தங்களுக்கு இப்படி ஒரு மானியம் உண்டு என்பதே பெற்றோருக்கும் பல தலைமையாசிரியர்களுக்கும் தெரியாது. தெரியாத பணத்தை எவரும் கேட்கப் போவதில்லை.

அதற்குப் பிறகு அரசு செய்தது செலவில்லாத வேலை. எந்த மாவட்டத்துக்கு எந்த மாதம் எவ்வளவு அனுப்பப்பட்டது என்பது நாளிதழ்களில் வெளியிடப்பட்டது. பள்ளிகள் தாம் பெற்ற தொகையைப் பள்ளிச் சுவரிலேயே ஒட்ட வேண்டும் என்றும் ஆணை வந்தது. 2001 அளவில் பள்ளிகளை எட்டிய பங்கு 80 சதவீதத்தைத் தாண்டியது.

இந்த முன்னேற்றம் முழுவதையும் நாளிதழ் விளம்பரத்தின் கணக்கில் எழுதக் கூடாது என்று பின்னர் சில ஆய்வாளர்கள் எதிர்வாதம் வைத்தார்கள். அதே ஆண்டுகளில் கட்டணமில்லாத் தொடக்கக் கல்வி வந்தது, நன்கொடை நாடுகளின் கண்காணிப்பு கூடியது, நிதி அனுப்பும் முறையே மாறியது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் ஒன்று உண்டு: பணம் கடைசியாகச் சேர வேண்டிய இடத்தில் போய் எண்ணிப் பார்க்கும்வரை, அது தொலைந்துகொண்டிருந்தது எவருக்கும் எண்ணாகத் தெரியவில்லை. வளர்ச்சித் திட்டங்களின் கணக்குகள் பெரும்பாலும் அனுப்பும் முனையில் எழுதப்படுகின்றன. 'செலவிடப்பட்டது' என்று அறிக்கை சொல்லும்போது, கருவூலத்திலிருந்து வெளியேறியது என்று மட்டுமே அதற்குப் பொருள் கொள்ளுங்கள்.

இரண்டாவது எடுத்துக்காட்டு பிரேசில். அங்கே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நகராட்சிகள் மத்திய அரசின் நிதியைப் பெறுகின்றன. அத்தனையையும் தணிக்கை செய்ய ஆள் இல்லை. எதைத் தணிக்கை செய்வது என்று அமைச்சர் தேர்ந்தெடுத்தால் எதிர்க்கட்சி நகராட்சிகளே மாட்டும் என்ற சந்தேகம் எழும். 2003 இல் ஒரு வழி கண்டார்கள். தேசிய லாட்டரிக் குலுக்கலை நடத்தும் அதே முறையில், பத்திரிகையாளர்களும் கட்சிப் பிரதிநிதிகளும் பார்த்துக்கொண்டிருக்க, எந்த நகராட்சிகளுக்குத் தணிக்கைக் குழு போகும் என்பது குலுக்கிப் போட்டு எடுக்கப்பட்டது. பெயர் வந்த ஊர்களுக்குக் குழுவினர் சென்று, பற்றுச்சீட்டுகளைப் பார்த்ததோடு நிற்காமல், கட்டியதாகச் சொன்ன கட்டடம் நிற்கிறதா என்று பார்த்தார்கள். ஊர் மக்களிடம் கேட்டார்கள். அறிக்கையைப் பொதுவில் வைத்தார்கள். 2004 நகராட்சித் தேர்தலில், முறைகேடு அம்பலமான மேயர்கள் மீண்டும் வெல்வது கணிசமாகக் குறைந்தது. உள்ளூர் வானொலி நிலையம் இருந்த ஊர்களில் அந்தத் தண்டனை இன்னும் கடுமையாக இருந்தது. முறைகேடு இல்லை என்று தெரிந்த மேயர்களுக்கு அதே வானொலி உதவியது. தணிக்கையாளர், குலுக்கல், வானொலி, வாக்குச்சீட்டு ஆகிய நான்கில் எதை நீக்கினாலும் இந்தச் சங்கிலி அறுந்துவிடும். பல நாடுகள் முதல் கண்ணியான தணிக்கை அறிக்கையை மட்டும் செய்துவிட்டு, அதை நாடாளுமன்ற நூலகத்தில் வைத்துவிடுகின்றன.

சிறுதொழில் நடத்தும் ஒரு வாசகர்: பலம் வாய்ந்த ஊழல் தடுப்பு ஆணையம் ஒன்றை அமைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீராதா?

அமைப்பது எளிது. அது யாருக்குக் கட்டுப்பட்டது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹாங்காங்கில் 1974 இல் தொடங்கிய ஊழல் தடுப்பு ஆணையம் காவல் துறைக்குக் கட்டுப்படாமல் ஆளுநரின் நேரடிப் பொறுப்பில் இயங்கியது. வழக்கு விசாரணை, துறைகளின் நடைமுறைகளில் உள்ள ஓட்டைகளை அடைத்தல், மக்களிடம் செல்லுதல் என்று மூன்று பிரிவுகள் அதற்கு இருந்தன. 1977 இல் காவலர்கள் ஆணையத்துக்கு எதிராகத் திரண்டபோது, பழைய சிறு குற்றங்களுக்குப் பொது மன்னிப்புக் கொடுத்து ஆளுநர் சமாளிக்க வேண்டியிருந்தது. எத்தனை வலிமை கொடுத்தாலும், ஒரு நாளில் எல்லாரையும் தண்டித்துவிட முடியாது என்பதை அது காட்டியது.

மலேசியாவின் அனுபவம் இன்னும் கூர்மையானது. 2009 இல் அங்கே புதிய ஊழல் தடுப்பு ஆணையம் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு பிரதமர் நஜிப் ரசாக்கின் அலுவலகத்தின்கீழ் 'பெமாண்டு' என்ற செயல்திறன் பிரிவு அமைக்கப்பட்டது. அமைச்சர்கள்தோறும் இலக்கு, காலக்கெடு, மதிப்பெண் என்று வகுத்த அதன் முறையைப் பார்க்கப் பல நாடுகள் ஆள் அனுப்பின. அதே ஆண்டில்தான் 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனமும் பிறந்தது. அதிலிருந்து 450 கோடி டாலருக்கும் மேல் திசைதிருப்பப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை பின்னர் குற்றம் சாட்டியது. 2015 இல் விசாரணை பிரதமரை நெருங்கியபோது அரசுத் தலைமை வழக்கறிஞர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை அரசு இரகசியச் சட்டத்தின்கீழ் மூடப்பட்டது. 2018 தேர்தலில் மக்கள் ஆட்சியை மாற்றிய பிறகுதான் வழக்கு நடந்தது; 2022 ஆகஸ்டில் முன்னாள் பிரதமர் சிறை சென்றார்.

கீழே உள்ளவர்களை மேலே இருப்பவர் அளப்பதற்கு அங்கே எல்லாக் கருவிகளும் இருந்தன. மேலே இருப்பவரை அளப்பதற்கு இருந்த கருவிகளின் சாவி அவரிடமே இருந்தது. எனவே உங்கள் நாட்டில் ஓர் ஆணையம் அமைக்கப்படும்போது, அதன் தலைவரை நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அதன் நிதியை யார் குறைக்க முடியும், வழக்குத் தொடுக்க யாருடைய அனுமதி வேண்டும் என்ற மூன்றையும் சட்டத்தில் தேடிப் படியுங்கள். தண்டனை ஆண்டுகளைப் பற்றிய பிரிவை அதற்குப் பிறகு படிக்கலாம்.

ஓர் இல்லத்தரசி: சீர்திருத்தம் என்றாலே எரிபொருள் மானியத்தை வெட்டுவது என்றாகிவிட்டது. ஏழைகளிடமிருந்து தொடங்குவதுதான் சீர்திருத்தமா?

உங்கள் கோபம் நியாயமானது. கணக்கைப் பார்த்தால், பெட்ரோல் மானியத்தில் பெரும்பகுதி வண்டி வைத்திருப்போருக்கும் அதிகம் ஓட்டுவோருக்குமே போகிறது. ஆனால் விலை ஏறும்போது பேருந்துக் கட்டணமும் சரக்குக் கூலியும் ஏறி, ஏழைக் குடும்பத்தின் செலவில் பெரிய பங்கைத் தின்றுவிடுகின்றன. மானியத்தால் மிகக் குறைவாகப் பயன் பெறுபவரே அதன் நீக்கத்தால் மிக அதிகமாக வலியை உணர்கிறார். எனவே நீக்கலாமா என்பதைவிட, எந்த வரிசையில் நீக்குவது என்பதே முக்கியமாகிறது.

நைஜீரியாவில் 2012 ஜனவரி முதல் நாள் முன்னறிவிப்பின்றி மானியம் நீக்கப்பட்டது. 65 நைராவாக (அந்நாட்டு நாணயம்) இருந்த ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 140 நைராவானது. மிச்சமாகும் பணம் மக்களுக்கே திரும்பும் என்ற அரசின் வாக்கை நம்ப எவரும் தயாராக இல்லை. நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு விலை 97 நைராவுக்கு இறக்கப்பட்டது. ஈரான் 2010 இல் வேறு வரிசையில் சென்றது: விலை ஏறுவதற்கு முன்பே குடும்பங்களின் வங்கிக் கணக்குகளில் ஈட்டுத்தொகை போடப்பட்டு, விலை ஏறும் நாள்வரை எடுக்க முடியாமல் வைக்கப்பட்டது. பணம் கணக்கில் இருப்பதை மக்கள் கண்ணால் பார்த்த பிறகே விலை ஏறியது. பெரிய கலவரம் எழவில்லை. பின்னாளில் பணவீக்கமும் பொருளாதாரத் தடைகளும் அந்தத் தொகையின் மதிப்பை அரித்துவிட்டன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்தோனேசியா 2005 இல் விலையை ஏற்றியபோது ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்கு நேரடியாகப் பணம் கொடுத்தது. பயனாளிகளின் பட்டியல் அவசரமாகத் தயாரிக்கப்பட்டதால் தகுதியுள்ள பலர் விடுபட்டு, ஊருக்கு ஊர் சச்சரவு எழுந்தது. ஆனால் அந்தப் பட்டியலே பின்னர் திருத்தப்பட்டுப் பிற நலத்திட்டங்களுக்கும் அடித்தளமாயிற்று. 2015 ஜனவரியில், உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்திருந்த நேரம் பார்த்து, பெட்ரோல் மானியத்தை அந்த நாடு நீக்கியது.

விலை குறைந்திருக்கும் காலத்தில் நீக்குவது, ஈட்டுத்தொகையை முதலில் சேர்ப்பது, பெயர் விடுபட்டவர் முறையிட ஓர் இடம் வைப்பது ஆகியவற்றைச் செய்யாத அரசு, சீர்திருத்தம் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மக்களிடம் பணம் பிடுங்குகிறது என்றே நான் கருதுகிறேன்.

சுரங்கத் துறையில் பணியாற்றும் ஒரு வாசகர்: கனிம வளம் கிடைத்த நாடுகள் பலவும் சீரழிந்திருக்கின்றன. வளமே சாபமா?

கனிமத்துக்கு முன்பு விதி வந்ததா, விதிக்கு முன்பு கனிமம் வந்ததா என்று பாருங்கள். போட்ஸ்வானா 1966 இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. நாடு முழுவதற்கும் சில கிலோமீட்டர் தார்ச்சாலையே இருந்தது. 1967 இல் ஒராபாவில் வைரம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே ஆண்டு நிறைவேறிய சட்டம், நிலத்தடிக் கனிமங்களின் உரிமையைப் பழங்குடிகளிடமிருந்து நாட்டுக்கு மாற்றியது. ஒராபா இருந்தது முதல் அதிபர் செரெட்சே காமாவின் சொந்தக் குடியான பமங்வாட்டோவின் பகுதியில். தன் குடிக்கு மட்டும் சேரக்கூடிய செல்வத்தை அவர் எல்லாருக்கும் பொதுவாக்கினார். கனிமம் கிடைத்த இடங்களில் குடிக்குக் குடி போர் மூண்ட கண்டத்தில் அது சாதாரணச் செயலன்று. டி பீர்ஸ் என்ற வைர நிறுவனத்தோடு சேர்ந்து நடத்திய டெப்ஸ்வானா என்ற சுரங்க நிறுவனத்தில் அரசு பின்னர் சரிபாதிப் பங்கைப் பெற்றது. வருவாயில் ஒரு பகுதி 1994 இல் பூலா நிதியமாகச் சேமிக்கப்பட்டது.

ஆனாலும் வைரத்தைத் தாண்டி வேலை தரும் தொழில்கள் அங்கே வளரவில்லை. ஏற்றத்தாழ்வும் வேலையின்மையும் கடுமையாக நீடித்தன. வைரச் சந்தை சரிந்த 2024 இல், விடுதலையிலிருந்து ஆண்ட கட்சியை மக்கள் தோற்கடித்தார்கள். ஆட்சி அமைதியாகக் கைமாறியது.

சிலியும் கவனிக்கத்தக்கது. செம்பு விலை ஏறும்போது செலவை ஏற்றி, இறங்கும்போது தவிக்கும் பழக்கத்தை நிறுத்த 2001 முதல் அங்கே ஒரு விதி இருந்தது: அன்றைய விலையைக் கொண்டு பட்ஜெட் போடாமல், செம்பின் நீண்டகால விலையை அரசுக்கு வெளியே உள்ள வல்லுநர் குழு மதிப்பிட, அந்த மதிப்பைக் கொண்டே செலவின் உச்சவரம்பு தீர்மானிக்கப்பட்டது. முதல் பதிலில் நான் குறிப்பிட்ட வெலாஸ்கோ 2006 இல் அந்நாட்டின் நிதியமைச்சரானார். செம்பு உச்ச விலையில் விற்றபோது, கல்வியை மேம்படுத்தக் கோரிப் பள்ளி மாணவர்கள் தெருவில் இறங்கிப் போராடிய நாள்களிலும், பெரும்பகுதி வருவாயைச் சேமிப்பிலேயே வைத்திருந்தார். அதற்காக வசவும் வாங்கினார். 2008 உலக நெருக்கடியில் செம்பு விலை சரிந்தது. 2009 ஜனவரியில், கடன் வாங்கித் திணறாமல், சேமிப்பிலிருந்து எடுத்து 400 கோடி டாலர் மதிப்புள்ள ஊக்கத் திட்டத்தை அரசு அறிவித்தது. மாணவர்களின் கோரிக்கை தவறு என்று நான் சொல்லவில்லை. கல்விக்கு நிலையான வரி வருவாயிலிருந்து பணம் வந்திருக்க வேண்டும், அதைச் சிலி நெடுங்காலம் தள்ளிப்போட்டது.

ஒரு தனியார் நிறுவன ஊழியர்: விரைந்த வளர்ச்சிக்குக் கண்டிப்பான ஒற்றைத் தலைவர் தேவை என்கிறார்களே?

கொரியாவை மட்டும் பார்ப்பவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். 1965 முதல் 1997 வரை ஜயரை (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) ஆண்ட மொபுட்டுவும் ஒற்றைத் தலைவர்தான். செம்பும் கோபால்ட்டும் நிறைந்த அந்த நாடு அவர் காலத்தில் வறுமையில் ஆழ்ந்தது. தவறாமல் தேர்தல் நடத்திவந்த போட்ஸ்வானாவும் மொரீஷியஸும் ஆப்பிரிக்காவில் முன்னே சென்றன. சர்வாதிகாரத்தில் மிகச் சிறந்த விளைவும் வரலாம், மிக மோசமான விளைவும் வரலாம். எது வரும் என்பதை முன்கூட்டி அறியவும் வழியில்லை, மோசமானது வந்துவிட்டால் மாற்றவும் வழியில்லை. அந்தச் சூதாட்டத்தில் ஒரு தலைமுறையின் வாழ்வைப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஒரு புள்ளியியல் மாணவர்: அரசு வெளியிடும் வளர்ச்சி எண்களை எவ்வளவு நம்பலாம்?

எண்ணைக் கணக்கிடும் அலுவலகம் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறதோ அவ்வளவு. தவறான எண்கள் எல்லாம் பொய்யான எண்கள் அல்ல. நைஜீரியா 1990ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, அதாவது அந்த ஆண்டின் விலைகளையும் தொழில்களின் பங்கையும் அளவாக வைத்து, நெடுங்காலம் கணக்கிட்டுவந்தது. கைபேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் அந்தக் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. 2014 ஏப்ரலில் அடிப்படை ஆண்டை 2010க்கு மாற்றியபோது, மொத்த உள்நாட்டு உற்பத்தி ஏறத்தாழ 89 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது. மக்களின் வாழ்க்கை ஒரே நாளில் மாறிவிடவில்லை. பல ஆண்டுகளாக அரசு தன் நாட்டையே சரியாகப் பார்க்காமல் திட்டம் தீட்டிவந்தது வெளிப்பட்டது.

அர்ஜென்டினாவில் நடந்தது வேறு. 2007 தொடக்கத்தில் அரசு தேசியப் புள்ளியியல் நிறுவனத்தில் தலையிட்டு, விலைவாசிக் குறியீட்டுக்குப் பொறுப்பானவரை மாற்றியது. பணவீக்கத்தோடு இணைக்கப்பட்ட கடன் பத்திரங்கள் அப்போது புழக்கத்தில் இருந்ததால், குறியீடு குறைந்தால் அரசு கொடுக்க வேண்டிய தொகையும் குறையும். அடுத்த பல ஆண்டுகள் அதிகாரபூர்வப் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டியே இருந்தது; தனியார் கணிப்புகள் 20 சதவீதத்துக்கு மேல் சொன்னபோது, அவற்றை வெளியிட்ட ஆலோசனை நிறுவனங்களுக்கு அபராதம் விதிக்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் பன்னாட்டு நிதியம் அந்த நாட்டைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. அந்த ஆண்டின் முதல் பாதிக்கு வெளியிடப்பட்ட வறுமை விகிதம் 4.7 சதவீதம், அதற்குப் பிறகு அந்த எண்ணை வெளியிடுவதே நிறுத்தப்பட்டது. ஆட்சி மாறி, புள்ளியியல் நிறுவனம் திருத்தி அமைக்கப்பட்ட பிறகு, 2016 செப்டம்பரில் புதிய முறையில் கணக்கிட்ட வறுமை விகிதம் வெளியானது: 32.2 சதவீதம். இரண்டும் வெவ்வேறு முறையில் கணக்கிட்டவை என்பதால் ஒன்றோடொன்று நேராக ஒப்பிட முடியாது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில், எத்தனை பேருக்கு உதவி தேவை என்று தெரிந்துகொள்ள அந்நாட்டு அமைச்சர்களிடம் அதிகாரபூர்வமான எந்த எண்ணும் இருக்கவில்லை.